பெரட்டுக் களத்தில் ஒரு படம்

சிரம்பானுக்குப் படம் எடுக்கப் போகிறோம் என்று அலுவலகத்தில் சொன்னபோது சிரித்தார்கள். கேமரன் மலை என்றால் சரி, பினாங்கு என்றால் சரி. "சிரம்பானில் என்ன இருக்கிறது? சியூ பாவ் வாங்கவா இரண்டு நாள்?" என்று கேட்டார் ஒருவர். கோலாலம்பூரிலிருந்து அறுபது, எழுபது கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலையில் போர்ட்டிக்சனுக்குப் போகும்போது ஓரமாகக் கடந்து போகும் ஊர். இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

நானும் அப்படித்தான் இருந்தேன். என் பாட்டி பிறந்தது நெகிரி செம்பிலான் தோட்டம் ஒன்றில். ஆனால் முப்பது வயதுவரை நான் அந்தத் திசையில் கேமராவைத் திருப்பியதில்லை.

இந்த முறை போனதற்குக் காரணம் பாட்டி கேட்ட ஒரு படம். அதைப் பிறகு சொல்கிறேன். சித்தப்பா மகன் கார் ஓட்டினான். என்னுடன் வேலை செய்யும் தோழி ஒருத்தியும் சேர்ந்துகொண்டாள். மூவரிடமும் சேர்த்து இரண்டு கேமரா, ஒரு முக்காலி, மழைக்கு மூன்று பிளாஸ்டிக் பை.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சிரம்பான் ஏரிப் பூங்காவில் நின்றோம். இன்னும் இருட்டு. படம் எடுப்பவர்களுக்கு நம் நாட்டில் ஒரு வசதி உண்டு. 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. அதனால் சூரியன் ஏழு மணிக்குப் பக்கத்தில்தான் எழும்புகிறது. மற்ற நாட்டுக்காரர்கள் விடியல் படத்துக்கு ஐந்து மணிக்கே எழுந்திருக்க வேண்டும். நாம் கொஞ்சம் தூங்கலாம்.

ஏரிக்கு அருகே மாநிலப் பள்ளிவாசல் நிற்கிறது. 1967இல் கட்டி முடித்தது. ஒன்பது தூண்கள், 'செம்பிலான்' என்றால் ஒன்பதுதானே. காற்று எழும்புவதற்கு முந்தைய பத்து நிமிடம் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். அந்த நேரத்தில் முக்காலியைத் தாழ்த்தி வைத்து, ஷட்டரை இரண்டு மூன்று நொடி திறந்து விட்டால் நடுங்காத பிரதிபலிப்பு கிடைக்கும். ஏழேகாலுக்கு மேல் மெதுவோட்டம் ஓடுபவர்கள் வந்துவிடுகிறார்கள். அவர்களைத் திட்டாமல் அவர்களையும் சட்டத்துக்குள் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஊர் ஒரு கிண்ணம் மாதிரி. சுற்றிலும் தித்திவங்சா மலைத்தொடரின் தென்பகுதி. நடுவில் லிங்கி ஆறு. அந்த ஆற்றால்தான் இந்த ஊரே உண்டானது. சுங்கை ஊஜோங் என்ற பழைய பெயரில், ஈயம் தோண்டிய காலத்தில், ஈயக் கட்டிகள் படகில் ஏறி லிங்கி வழியாக மலாக்கா நீரிணைக்குப் போயின. ஆற்றில் யார் வரி வசூலிப்பது என்ற சண்டை முற்றித்தான் 1874இல் ஆங்கிலேயர் உள்ளே வந்தார்கள். இன்று ஊருக்குள் ஆற்றைப் பார்த்தால் இத்தனை சண்டைக்கு உரியதாகத் தெரியாது. காங்கிரீட் கரைகளுக்கு நடுவே, முதல்நாள் மழை பெய்திருந்ததால், தே தாரிக் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அழகான ஆறு வேண்டுமென்றால் ஊரைவிட்டு வெளியே போக வேண்டும். எனக்கு ஊருக்குள் ஓடும் அந்தப் பழுப்பு ஆறுதான் பிடித்தது. பாலத்தின் மேலிருந்து, சந்தைக்குப் போகிறவர்களின் குடைகளோடு சேர்த்து எடுத்தேன்.

சிரம்பான் நகரமானது சமீபத்தில்தான், 2020 ஜனவரியில். சிரம்பான், நீலாய் நகராண்மைக் கழகங்கள் இரண்டும் இணைந்து மாநகராட்சி ஆயிற்று. பழைய கடைத்தெருக்களில் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. எட்டு மணிக்கு ஐந்தடிப் பாதையில் வெயில் சாய்ந்து விழும். பூக்கடைக்காரர் தண்ணீர் தெளிப்பார். அங்கே ஒரு மணி நேரம் நிற்கலாம். உணவுக்குத் தோசை, அதன்பிறகு அலுவலக நண்பருக்காகச் சியூ பாவ். அது வேறு கதை.

மலை ஏறும் சாலை

பகல் வெயிலில் ஊரைப் படம் எடுப்பது வீண். அந்த நேரத்துக்கு மலைக்குப் போய்விட வேண்டும். கோலப்பிலா சாலையில் புக்கிட் பூத்துஸ் கணவாய் இருக்கிறது. புதிய சாலை உயரமான தூண்களின் மேல் நேராகத் தாண்டிவிடுகிறது. பழைய சாலையின் வளைவுகளைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். பேருந்தில் வாந்தி எடுக்காமல் கோலப்பிலா போய்ச் சேர்ந்தவர் யாருமில்லை என்பார்கள். 1875 டிசம்பரில் இந்தக் கணவாயில்தான் ஆங்கிலேயப் படையும் உள்ளூர்ப் படையும் மோதின. அதில் சானர் என்ற அதிகாரிக்கு விக்டோரியா சிலுவை விருது கிடைத்தது. அவர் நடத்திச் சென்றது கூர்க்கா வீரர்களை. கூர்க்காக்களுக்கு அந்த விருது அப்போது இல்லை.

கணவாய்க்குக் கீழே ஊலு பெண்டுல். அங்சி மலையின் அடிவாரம், உச்சி 825 மீட்டர். ஏற விரும்புகிறவர்கள் ஏறலாம். நாங்கள் ஏறவில்லை, ஓடையோடு நின்றுவிட்டோம். சனிக்கிழமை என்றால் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து நாசி லெமாக் சாப்பிடுவார்கள். இன்னும் நூறு மீட்டர் மேலே நடந்தால் ஓடை நமக்கே. பட்டுத்துணி மாதிரி தண்ணீர் வேண்டுமென்றால் ஷட்டர் கால் நொடி போதும். அதைவிட நீட்டினால் தண்ணீர் புகையாகிவிடும். வெயில் நேரடியாக விழாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். போலரைசர் கண்ணாடி இருந்தால் பாறையின் பளபளப்பை எடுத்துவிடும், இலைகளின் பச்சை திரும்ப வரும்.

மூன்றரைக்கு மழை பிடித்துக்கொண்டது. அன்றைய படம் அவ்வளவுதான்.

பாட்டி கேட்டது

பாட்டிக்கு இப்போது 89 வயது. பாட்டியின் சாமி அறையில் மூன்று படங்கள் இருக்கின்றன. முருகன், தாத்தா, பாட்டியின் அம்மா. தீபாவளிக்கு முதல்நாள் முன்னோர்களுக்குப் படையல் போடும்போது நான்கு இலை போடுவார். நான்காவது இலைக்கு முன்னால் படம் இருக்காது, விளக்கு மட்டும். சின்ன வயதில் அது ஏன் என்று நான் கேட்டதில்லை. வடையை எப்போது எடுக்க விடுவார்கள் என்பதிலேயே கண் இருக்கும்.

அந்த இலை பாட்டியின் அப்பாவுக்கு. 1943இல் ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் சேர்த்தபோது தோட்டத்திலிருந்து போனவர். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்களாம். பாட்டிக்கு அப்போது ஏழு வயது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு லாரியில் ஏற்றியதைப் பார்த்தாராம். அதோடு சரி. 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட அந்தப் பாதையில் பல்லாயிரம் தமிழர்கள் மாண்டார்கள். அவர் எந்த முகாமில், எந்த மாதத்தில் என்று சொல்ல யாரும் திரும்பி வரவில்லை.

பாட்டியின் அம்மாவுக்கு மட்டும் எப்படிப் படம் வந்தது? அதற்குக் காரணம் 1948. அவசரகாலம் அறிவித்தவுடன் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் படத்தோடும் பெருவிரல் ரேகையோடும் அடையாள அட்டை என்று அரசாங்கம் சட்டம் போட்டது. கேமராக்காரர்கள் தோட்டம் தோட்டமாக வந்தார்கள். பால்மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டிகளில் எத்தனையோ பேர் வாழ்நாளில் முதல்முதலாகக் கேமரா முன் நின்றது அன்றுதான். கல்யாணத்துக்கு இல்லை, குழந்தை பிறந்ததற்கு இல்லை, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுக்குச் சோறு போடுகிறாயா என்று கண்டுபிடிப்பதற்கு. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை உற்றுப் பாருங்கள். நெற்றி சுருங்கி, நேராக முறைத்துப் பார்த்து, தோளுக்கு மேல் மட்டும் இருந்தால், அது அனேகமாக அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியதுதான்.

ஐந்து வருடம் முன்னதாகப் போய்விட்டதால் கொள்ளுத் தாத்தாவுக்கு அந்தப் படமும் இல்லை.

போன தீபாவளிக்குப் பிறகு பாட்டி என்னைக் கூப்பிட்டு, "நீதான் ஊர் ஊரா போயி படம் புடிக்கிறியே, அந்தப் பெரட்டுக் களத்த ஒண்ணு புடிச்சிட்டு வாயேன்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "அவரு படம்தான் இல்ல. அவரு நின்ன எடமாவது இருக்கட்டும்."

அதனால்தான் சிரம்பான்.

நிரையில் ஒரு வெளிச்சம்

ஞாயிற்றுக்கிழமை ஐந்தே முக்காலுக்கு மம்பாவ் தாண்டி ரந்தாவ் சாலையில் இருந்தோம். லிங்கி ஆறும் இதே பக்கமாகத்தான் தெற்கே இறங்குகிறது. ஒரு காலத்தில் இந்தச் சாலையின் இரு பக்கமும் ரப்பர்தான். இப்போது பெரும்பாலும் செம்பனை, மீதி தாமான் வீடுகள். லின்சம், பிராட்வால், கெர்பி போன்ற தோட்டங்களின் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் நிலைத்திருக்கின்றன.

ரந்தாவ் பக்கம் ஒரு சிறு தோட்டக்காரரின் ரப்பர் நிலம் இன்னும் இருக்கிறது. முதல்நாள் மாலையே போய் அனுமதி கேட்டு வைத்திருந்தோம். விடியும் முன் பால்வெட்டுவதற்குக் காரணம் உண்டு. குளிர்ச்சியில் மரத்துக்குள் பாலின் அழுத்தம் கூடுதலாக இருக்கும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். வெட்டு எப்போதும் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து போவதற்கும் காரணம் உண்டு. பட்டைக்குள் பால் குழாய்கள் சாய்ந்து சுற்றி ஏறுகின்றன. அந்தச் சாய்வில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். இதை எனக்குச் சொல்லித் தந்தது புத்தகம். பாட்டிக்குக் கை சொல்லித் தந்தது.

பால்வெட்டியவர் லொம்போக் தீவுக்காரர். தலையில் கட்டிய விளக்கின் வட்டத்துக்குள் மரமும் கத்தியும் மட்டும். ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் அறுபதில் ஒரு பங்கு, லென்ஸை முழுதாகத் திறந்து வைத்தேன். கை அசைவு கொஞ்சம் மங்கலாகத்தான் வந்தது. அதுவே நன்றாக இருந்தது. ஃபிளாஷ் வேண்டாம், அவர் கண்ணும் கூசும், படமும் செத்துவிடும். மங்கில் பால் சொட்டத் தொடங்கிய பிறகு திரையில் படத்தைக் காட்டினேன். தன் வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்து, மனைவிக்கு அனுப்ப வேண்டும் என்றார். அங்கேயே நின்று அனுப்பினேன். இரண்டு வருடமாக இங்கே வேலை செய்கிறாராம். வேலை செய்யும்போது எடுத்த படம் இதுதான் முதல் தடவை என்றார்.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தோட்டப் படம் என்று வலைத்தளங்களில் வருபவற்றில் பாதி இடிந்த லயங்கள், துருப்பிடித்த தகரம், கறுப்பு வெள்ளை, கீழே ஒரு சோகமான வரி. எனக்கு அது அலுத்துவிட்டது. லயத்தில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒழுகிய கூரையையும் பொதுக் கழிவறையையும் யாரும் அழகு என்று சொல்லமாட்டார்கள். பாட்டி தோட்டத்தை விட்டு வெளியே வந்ததற்கு வருத்தப்பட்டதே இல்லை. அவருக்கு வேண்டியது ஒரே ஓர் இடம்.

களம்

பாட்டியின் தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. அது தனியார் நிலம், உள்ளே போக எங்களுக்குக் கிடைத்தது ஒரு காலை நேர அனுமதி. வியாழக்கிழமையே அலுவலகத்துக்குப் போன் செய்திருந்தேன். கிராணி நல்லவர். "கோயிலுக்குப் போறதுன்னா போங்க, மத்த எடத்துக்கு யாராச்சும் கூட வரணும்" என்றார். உங்கள் தோட்டத்துக்குப் போக விரும்பினால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கேட்டில் வந்து நின்று வாக்குவாதம் செய்தால் காவலாளிக்குத்தான் கஷ்டம். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது, விமான நிலையமும் தூரத்தில் இல்லை.

லயங்கள் இல்லை. எனக்கு முன்பே தெரியும். செம்பனை வரிசைகளுக்கு நடுவே மாரியம்மன் கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு நின்றது. ஆண்டுத் திருவிழாவுக்குக் காஜாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பழைய தோட்டத்து மக்கள் வந்துவிடுவார்களாம். மற்ற நாள்களில் ஒரே ஒரு பெரியவர். ஞாயிறுதோறும் சிரம்பானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து விளக்கேற்றுகிறார். பழைய வெட்டுக்காரர், வயது எழுபதைத் தாண்டியவர்.

"எந்த லயத்துப் புள்ளம்மா நீ?" என்று கேட்டார். பாட்டியின் அப்பா பெயரைச் சொன்னேன். தெரியவில்லை. தெரிய நியாயமும் இல்லை, அவர் பிறப்பதற்கு முன் போனவர். பாட்டியின் அம்மா பெயரைச் சொன்னதும், "பால் ஸ்டோர் பக்கத்து வீட்டு ஆயாவா?" என்றார். அவ்வளவு போதும், கூடவே நடந்தார்.

கோயில் வாசலில் மணிக்குப் பக்கத்தில் ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு தொங்கியது. பெரட்டுக்கு அடிக்கும் மணி அதுதானாம். அலுவலகத்தை இடித்தபோது இவர்தான் தூக்கிக்கொண்டு வந்து இங்கே மாட்டினாராம். "விடியகாலம் நாலரைக்கு அடிப்பாங்க. இப்பவும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துருது" என்றார்.

செம்பனைக்குள் இருநூறு அடி நடந்திருப்போம். ஓரிடத்தில் நின்று காலால் சருகைத் தள்ளினார். சிமெண்டு தெரிந்தது. இரண்டு படிகள், அவற்றுக்கு முன்னால் பெரணி முளைத்த வெறும் தரை. துரையும் கிராணியும் படிமேல் நிற்பார்கள், ஆள்கள் கீழே, பெண்கள் தனி வரிசை. அதுதான் களம். பூப்பந்தாட்டக் களம் ஒன்று போட்டால் மிச்சம் இருக்காது.

மணி பத்து. செம்பனைக்கு அடியில் பத்து மணி வெயில் என்பது புகைப்படக்காரனுக்கு வரும் தண்டனை. ஓலை இடுக்கில் விழும் வெளிச்சம் வெள்ளை வெள்ளையாகக் குத்தும், நிழல் கறுப்பாக மூடிக்கொள்ளும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்துப் பார்த்தேன், சரியாக வரவில்லை. மேகம் வரட்டும் என்று காத்திருந்தோம். தம்பி கொசுவை அடித்துக்கொண்டே இருந்தான். இருபது நிமிடத்துக்குப் பிறகு வானம் மூடியது. 35 மில்லிமீட்டர் லென்ஸ், ஏழு வயதுப் பிள்ளையின் கண் உயரம் எவ்வளவு இருக்கும் என்று பார்த்து, முழங்காலிட்டு எடுத்தேன். பாட்டி அன்று எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். அது அப்போதுதான் தோன்றியது.

பெரியவர், "நான் வேணா நிக்கவா?" என்றார். நின்றார். கைகளைப் பக்கவாட்டில் ஒட்டவைத்து, நிமிர்ந்து, படியைப் பார்த்து. அதையும் எடுத்தேன்.

திரும்பும் வழியில் லிங்கி தாண்டி பெங்கலான் கெம்பாஸுக்குப் போனோம். ஆற்றுக்கு அருகே, மரங்களுக்கு நடுவில் பழங்காலக் கற்கள் நடப்பட்டிருக்கின்றன. வாள், சுக்கான், கரண்டி என்று வடிவத்தை வைத்துப் பெயர் சொல்கிறார்கள். பொய்யன் கையை விட்டால் இறுக்கிக்கொள்ளும் என்று நம்பப்பட்ட துளைக்கல்லும் உண்டு. பக்கத்தில் ஷேக் அகமட் மஜ்னுன் என்பவரின் கல்லறை. 1467ஆம் ஆண்டைச் சொல்லும் கல்வெட்டோடு நிற்கிறது. மாலை வெயிலில் செதுக்கல்கள் எழும்பித் தெரியும், உச்சிவெயிலில் போகாதீர்கள். நாங்கள் உச்சிவெயிலில் போனோம். படம் சுமார்தான். தம்பி துளைக்குள் கையை விட்டான், இறுக்கவில்லை. ஐந்நூறு ஆண்டுக்கு முன் செத்தவருக்குத் தேதி இருக்கிறதே என்று தோழி சொன்னாள். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

அன்றிரவே பாட்டியிடம் மடிக்கணினியில் காட்டினேன். முதலில் ஏரி, பள்ளிவாசல், ஓடை. "சிரம்பான் இவ்வளவு நல்லா இருக்கா?" என்றார். பிறகு பெரியவர் நிற்கும் படம்.

"இது யாரு?"

சொன்னேன். பாட்டி தலையை ஆட்டினார். "நல்ல மனுசன். ஆனா எங்கப்பா நின்ன எடத்துல வேற ஆளு எதுக்கு?"

அடுத்த படத்துக்குப் போனேன். வெறும் படி, வெறும் தரை, பெரணி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "இவ்வளவு சின்னக் களமா? அப்ப எவ்வளவு பெருசா இருந்திச்சு." பிறகு திரையில் விரலை வைத்தார், இரண்டாவது படிக்கு இடப்பக்கம். "இங்கதான். வெள்ள வேட்டி. திரும்பிப் பாத்தாரு."

விரல் பட்ட இடத்தில் திரையில் அழுக்கு ஒட்டியிருந்தது. நான் துடைக்கவில்லை.

மறுநாள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் பிரிண்ட் போடக் கொடுத்தேன். கடைக்காரர் படத்தைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா இது, ஆளே இல்லியே. பன்னெண்டுக்குப் பதினெட்டு சைஸ்ல, ஃப்ரேமோடவா?"

ஆமாம் அண்ணே என்றேன். தீபாவளிக்கு முதல்நாளுக்குள் வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன்.